காரைக்குடிப் பக்கம் கைத்தொழில் படிக்கணுமா? முதலிலிருந்து ஒரு வழிகாட்டி

மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து காரைக்குடியில் ஜெராக்ஸ் கடை, இ-சேவை மையம், டீக்கடை எங்கே நின்றாலும் காதில் விழுவது ஒரே கேள்விதான். பையனை ஐ.டி.ஐ.யில் போடலாமா, பாலிடெக்னிக்கா, இல்லை பதினொன்றாம் வகுப்பே சேர்த்துவிடலாமா? பிள்ளைக்கு எது வரும் என்று கேட்பவர்கள் குறைவு. அடுத்த வீட்டுப் பையன் எதில் சேர்ந்தான் என்று விசாரிப்பவர்கள்தான் அதிகம். கைத்தொழிலோ கலையோ படிக்க நினைத்து, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பத்தாவது முடித்தவர்கள், பாதியில் படிப்பை நிறுத்தியவர்கள், கல்யாணமாகிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு ஏதாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கும் பெண்கள் எல்லாருக்கும் இதில் ஏதோ ஒரு வழி இருக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செட்டிநாட்டில் தொழில் கற்க இரண்டு வகையான இடம் இருக்கிறது. சான்றிதழ் தரும் அரசு நிலையங்கள், கல்லூரிகள் ஒரு வகை. ஆத்தங்குடியில் டைல்ஸ் ஊற்றும் கொட்டகை, மர வேலை நடக்கும் ஆசாரிப் பட்டறை, பழைய வீடுகளைப் பழுது பார்க்கும் கொத்தனார் குழு, விசேஷத்துக்குச் சமைக்கும் கோஷ்டி இதெல்லாம் இன்னொரு வகை. முதலாவதில் மட்டும் படித்தவர் கையில் காகிதம் இருக்கும், வேகம் இருக்காது. இரண்டாவதில் மட்டும் கற்றவருக்கு வேலை அபாரமாக வரும், ஆனால் வங்கியிலோ கம்பெனி வாசலிலோ காட்ட ஒன்றும் இருக்காது. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க முடியும், இந்த ஊரில் அது மற்ற ஊர்களைவிடச் சுலபமும்கூட. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வேலையைப் போய்ப் பாருங்கள், அப்புறம் விண்ணப்பம்

எலக்ட்ரீசியன் படித்தால் மின்வாரியத்தில் வேலை, பிட்டர் படித்தால் திருச்சி பெல் தொழிற்சாலையில் வேலை என்று யாரோ சொன்னதை நம்பிப் பிரிவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒவ்வொரு தொழிலும் ஒவ்வொரு மாதிரி உடம்பையும் மனசையும் கேட்கும். இரும்பை அளவாக ராவிப் பொருத்தும் பிட்டர் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் பெரிய மெஷின் எதையும் தொட விடமாட்டார்கள். ஒரு இரும்புத் துண்டை வைஸில் இறுக்கிக் கொடுத்து, அரத்தால் ராவச் சொல்வார்கள். ராவ வேண்டியது, ராவின பரப்பில் டிரை ஸ்கொயர் என்கிற மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்க்க வேண்டியது, இரும்புக்கும் ஸ்கொயருக்கும் நடுவே வெளிச்சம் கசிந்தால் அந்த மேட்டை மறுபடி ராவ வேண்டியது. இப்படியே நாள் கணக்கில் போகும், உள்ளங்கை காய்த்துப் போகும். இதில் ஒரு சுகம் கண்டு, வெளிச்சம் கசியாமல் செய்தே தீருவேன் என்று நிற்கிற பிள்ளைக்கு பிட்டர் சரி. நாலாம் நாளே சலித்துப் போகிறவரைக் கட்டாயப்படுத்திப் பயனில்லை. அவருக்கு ஒயரிங்கோ கம்ப்யூட்டரோ மோட்டார் மெக்கானிக்கோ பொருந்தலாம்.

அதனால் விண்ணப்பம் போடுவதற்கு முன்னால், நீங்கள் நினைக்கிற தொழில் நடக்கும் இடத்தில் ஒரு முழு நாள் நின்று பாருங்கள். வெல்டிங் பட்டறையில் மத்தியானம் பன்னிரண்டு மணி வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் என்ன சூடு இருக்கும் என்று நின்று பார்த்தால்தான் தெரியும். கேட்டால் யாரும் மறுப்பதில்லை. "அண்ணே, இந்த வேலை கத்துக்கலாம்னு இருக்கேன், ஒரு நாள் பார்த்துட்டுப் போறேன்" என்று சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துப் பேசுகிறவர்கள்தான் இந்தப் பக்கம் அதிகம்.

அரசு ஐ.டி.ஐ.யில் சேர்வது எப்படி

காரைக்குடிக்குப் பக்கத்தில் அமராவதிபுதூரில் அரசு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. சிவகங்கைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் அங்கே உள்ளதையும் பார்க்கலாம். எந்த நிலையத்தில் எந்தப் பிரிவு, எத்தனை இடம் என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும் என்பதால் அந்த வருஷத்து விவரக்குறிப்பை மட்டும் நம்புங்கள்.

வயது குறைந்தது 14 ஆகியிருக்க வேண்டும். ஆண்களுக்கு 40 வரை, பெண்களுக்கு மேல் வரம்பே கிடையாது. இது நிறையப் பேருக்குத் தெரியாது. முப்பத்தைந்து வயதில் ஒரு அக்கா போய்ச் சேர்ந்தால் யாரும் தடுக்க முடியாது. பத்தாவது தேறாதவர்களுக்கும் வாசல் மூடவில்லை. எட்டாவது முடித்திருந்தால் வெல்டர், ஒயர்மேன், தையல் தொழில்நுட்பம் மாதிரிப் பிரிவுகள் உண்டு. இதில் வெல்டரும் தையலும் ஓராண்டு, ஒயர்மேன் இரண்டாண்டு. பிட்டர், எலக்ட்ரீசியன் போன்றவற்றுக்குப் பத்தாவது தேறியிருக்க வேண்டும், இரண்டாண்டு படிப்பு. கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பிரிவுக்கும் பத்தாவது தேவை, ஆனால் ஓராண்டில் முடிந்துவிடும்.

விண்ணப்பம் இணையதளம் வழியாகத்தான். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் ஸ்கில் டிரெய்னிங் இணையதளத்தில், பத்தாம் வகுப்பு ரிசல்ட்டை ஒட்டி அறிவிப்பு வரும். வீட்டில் செய்யத் தெரியாவிட்டால் இடைத்தரகர் யாரிடமும் போகாதீர்கள், நேரே அரசு ஐ.டி.ஐ.க்கே போங்கள். அங்கே சேர்க்கை உதவி மையம் வைத்திருப்பார்கள், விண்ணப்பக் கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு பதிந்து தருவார்கள். கையில் கொண்டுபோக வேண்டியவை: மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் அளவு போட்டோ, எப்போதும் கையில் இருக்கிற ஒரு செல்போன் எண். செல்போன் எண்ணை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கலந்தாய்வுத் தகவல் அதற்குத்தான் வரும். மாமா எண்ணைக் கொடுத்துவிட்டு, மாமா கோயம்புத்தூர் போய்விட, தகவல் தெரியாமல் இடத்தைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு. சாதிச் சான்றிதழை ஏப்ரலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள், மே கடைசியில் இ-சேவை மையத்தில் கூட்டம் அம்மும்.

முதல் சுற்றுக் கலந்தாய்வில் இடம் கிடைக்கவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். அதற்கப்புறம் மீதமுள்ள இடங்களுக்கு நேரடிச் சேர்க்கை என்று ஒன்று நடக்கும், நிலையத்துக்கே சான்றிதழ்களோடு போய்ச் சேரலாம். நல்ல பிரிவுகள் முதலிலேயே நிரம்பிவிடும் என்பது உண்மை, ஆனால் சேர்ந்தவர் பாலிடெக்னிக் கிடைத்து விலகிப் போவதும் நடக்கும். வாரம் ஒருமுறை போய்க் கேட்டுக்கொண்டே இருங்கள்.

செலவு? அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பாடப்புத்தகம், வரைபடக் கருவி, சீருடை, ஷூ, சைக்கிள், பஸ் பாஸ் எல்லாம் அரசே தருகிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் வரும். இதற்கு வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்க வேண்டும். சேர்ந்த முதல் வாரத்திலேயே அதைச் சரிபாருங்கள், பணம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

இன்னொரு நல்ல விஷயம். எட்டாவது முடித்து இரண்டாண்டு ஐ.டி.ஐ. தேறியவர் மொழிப்பாடத் தேர்வை மட்டும் எழுதிப் பத்தாவதுக்குச் சமமான சான்று பெறலாம். பத்தாவது முடித்து இரண்டாண்டு ஐ.டி.ஐ. தேறியவர் அதே மாதிரி மொழிப்பாடம் எழுதி பன்னிரண்டாவதுக்குச் சமமான சான்று பெறலாம். ஐ.டி.ஐ.யில் போட்டால் படிப்பு அதோடு நின்றுவிடும் என்ற பயம் வேண்டாம்.

பாலிடெக்னிக்கும் அதற்கு மேலும்

பத்தாவது முடித்தவர்களுக்கு மூன்றாண்டு டிப்ளமோ. பன்னிரண்டாவதில் உரிய பாடம் படித்தவர்களும் இரண்டாண்டு ஐ.டி.ஐ. தேறியவர்களும் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். காரைக்குடியில் அழகப்பா பாலிடெக்னிக் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் தன் சொத்தையெல்லாம் கல்விக்கே கொடுத்தவர். 1957இல் 47 வயதில் அவர் மறையும்போது இந்த ஊரில் பள்ளியிலிருந்து பொறியியல் கல்லூரி வரைக்கும் எழும்பியிருந்தது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கல்லூரிச் சாலைப் பக்கம் நடந்து பார்த்தாலே எவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறார் என்று புரியும்.

டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. நேரடி இரண்டாமாண்டில் சேரலாம். அதற்கான மாநில அளவுக் கலந்தாய்வைப் பல ஆண்டுகளாக நடத்திவருவதே இங்குள்ள அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரிதான். ஆக, எட்டாவதோடு நின்ற ஒரு பிள்ளை ஒயர்மேனில் தொடங்கி, மொழிப்பாடம் எழுதி, டிப்ளமோ போய், பொறியாளர் ஆகிற வழி காகிதத்தில் மட்டும் இல்லை, பஸ் போகிற தூரத்திலேயே இருக்கிறது. வருஷம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

கலை படிக்க நினைப்பவர்களுக்கு

பாட்டு, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் கற்க சிவகங்கையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. மூன்றாண்டு படிப்பு, கட்டணம் மிகக் குறைவு. தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் இந்தப் பக்கம் வேலைக்குப் பஞ்சமே இல்லை. ஒன்பது நகரத்தார் கோயில்கள், குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, ஊருக்கு ஊர் அம்மன் திருவிழா, போதாததற்குக் கல்யாணம், அறுபதாம் கல்யாணம் என்று வருஷம் பூராவும் மேளம் வேண்டியிருக்கிறது. சேரும் முன்பே ஒரு மேளக் குழுவோடு பேசிவைத்து, விடுமுறை நாளில் கூடப்போய் உட்கார்ந்து கேளுங்கள். நாதஸ்வரத்துக்குச் சுருதி பிடிக்கும் ஒத்து ஊதுவதில் ஆரம்பித்தாலும் சரி, சபையில் உட்காரும் பழக்கம் வகுப்பறைக்குள் வராது.

ஓவியத்திலும் தையலிலும் அரசுத் தேர்வுகள் துறை நடத்தும் தொழில்நுட்பத் தேர்வு உண்டு, கீழ்நிலை, மேல்நிலை என்று இரண்டு படி. வீட்டுப் பக்கத்தில் யாரிடமாவது கற்றுக்கொண்டு தனித்தேர்வராகவே எழுதலாம். பின்னால் ஓவிய ஆசிரியர், தையல் ஆசிரியர் பணிக்குப் போகும் பாதையில் இது முதல் படி. சிற்பம், கோயில் கட்டடக்கலை என்று போக நினைப்பவர்களுக்கு மாமல்லபுரத்தில் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது, 1957இல் தொடங்கியது. அங்கே படித்துவிட்டு வருகிறவருக்கு இந்த ஊரில் திருப்பணி வேலை எப்போதும் ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும்.

சான்றிதழ் இல்லாத பள்ளிக்கூடம்

இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல ஆசை. ஆத்தங்குடிக்குக் காரைக்குடியிலிருந்து பஸ் உண்டு. ஏதாவது ஒரு டைல்ஸ் கொட்டகைக்குள் போய் நின்று பாருங்கள். மெஷின் இல்லை, சூளை இல்லை. ஒரு சதுரக் கண்ணாடியைத் துடைத்துக் கீழே வைத்து அதைச் சுற்றி இரும்புச் சட்டம் போடுகிறார்கள். அதற்குள் பூ டிசைன் தகட்டு அச்சை இறக்கி, சிமெண்டும் நிறப்பொடியும் கரைத்த குழம்பை ஒவ்வொரு அறைக்குள்ளும் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை மேலே எடுக்கிற நொடியில் கை ஆடினால் சிவப்பும் மஞ்சளும் கலந்துவிடும், ஆடாமல் எடுத்தால் நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் அப்படியே நிற்கும். மேலே உலர்ந்த சிமெண்டு மணலைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவை போட்டுக் கரணையால் அழுத்தி மட்டம் செய்து காய வைக்கிறார்கள். அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊறப் போடுகிறார்கள். கடைசியில் கண்ணாடி கழன்று வரும்போது கல்லின் முகமும் கண்ணாடி மாதிரியே பளபளக்கும், அந்தப் பளபளப்புக்கு வேறு பாலிஷ் ஒன்றும் கிடையாது.

அச்சைத் தூக்குகிற அந்த ஒரு கை அசைவை எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்க முடியாது. மேஸ்திரியிடம் கேளுங்கள். "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வா, பழைய சட்டை போட்டுட்டு வா" என்பார். முதலில் மணல் சலிக்க விடுவார், கண்ணாடி துடைக்க விடுவார். அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மணலில் ஒரு பொடிக்கல் இருந்தாலும் டிசைனில் தெரியும், அதைக் கண்டுபிடிக்கக் கண் பழகுவதே பாதித் தொழில்.

இதே மாதிரி செட்டிநாட்டுச் சுவர்ப் பூச்சு. சுண்ணாம்பு, கடுக்காய் ஊறிய தண்ணீர், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பல அடுக்காகப் பூசித் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கும் வேலை. கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை என்று ஊர் ஊராகப் பழைய வீடுகள் பழுதுபார்ப்புக்குக் காத்திருக்கின்றன. பல வீடுகள் ஹோட்டலாகவும் மாறிவிட்டன. வேலை தெரிந்த கொத்தனார்களோ வயதானவர்கள். சிவில் டிப்ளமோ படிக்கிற ஒரு பையனோ பெண்ணோ விடுமுறையில் இவர்களோடு நின்று கற்றுக்கொண்டால், படம் போடவும் தெரியும், பூசவும் தெரியும் என்று ஆகிவிடும். அப்படிப்பட்ட ஆளுக்கு இந்தப் பக்கம் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள் என்று தைரியமாகச் சொல்வேன்.

பெண்களுக்குக் கொட்டான் என்கிற ஓலைக் கூடை பின்னுவது இருக்கிறது. பனை ஓலையைச் சீராகக் கிழித்து, சாயம் ஏற்றி, வீட்டிலிருந்தே செய்யலாம். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு உண்டு, காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கும் 2019இல் கிடைத்தது. கண்டாங்கி நெசவு கற்க வேண்டும் என்றால் தறி வைத்திருக்கிறவர்களிடம் நேரே போய்ப் பேசுவதுதான் வழி. சமையலும் அப்படித்தான். விசேஷ சமையல் கோஷ்டியில் ஒரு சீசன் வேலை பார்த்தால், ஐந்நூறு இலைக்கு எவ்வளவு பருப்பு என்ற கணக்கு கையில் வந்துவிடும். கேட்டரிங் படிப்போடு இதுவும் சேர்ந்தால் கானாடுகாத்தான் பக்கத்து ஹோட்டல்களில் கேட்டுப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

பட்டறையில் சேரும்போது கூலியை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். கற்கிற காலத்தில் எவ்வளவு, எப்போதிலிருந்து முழுக்கூலி என்று வீட்டுப் பெரியவர் ஒருவரை வைத்தே கேளுங்கள். செய்கிற வேலையை எல்லாம் போட்டோ எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள், சான்றிதழ் தராத இடத்தில் அதுதான் உங்கள் சாட்சி.

வயது கூடியவர்கள், நேரம் குறைவாக உள்ளவர்கள்

வங்கிகள் நடத்தும் கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் மாவட்டத்துக்கு ஒன்று உண்டு. 18 வயது நிரம்பிய கிராமப்புறத்தவர்களுக்குத் தையல், அழகுக்கலை, செல்போன் பழுதுபார்ப்பு, ஆடு வளர்ப்பு என்று சில நாள் முதல் சில வாரம் வரைப் பயிற்சி. கட்டணம் இல்லை, சாப்பாடும் அவர்களே. முடித்த பிறகு வங்கிக் கடனுக்கும் வழிகாட்டுவார்கள். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திலும் அவ்வப்போது குறுகியகாலத் திறன் பயிற்சிகள் நடக்கும், அறிவிப்பைக் கவனித்துக்கொண்டிருங்கள். அரசு வேலைக்குப் படிப்பவர்கள் டைப்ரைட்டிங்கை விட்டுவிடாதீர்கள். நிமிஷத்துக்கு 30 சொல் இளநிலை, 45 சொல் முதுநிலை. காலையில் ஒரு மணி நேரம் போதும்.

தனியார் நிலையம் என்றால்

நல்ல தனியார் ஐ.டி.ஐ.களும் இருக்கின்றன. ஆனால் பணம் கட்டும் முன் ஒன்றை மட்டும் உறுதி செய்யுங்கள். நிலையத்துக்கு அங்கீகாரம் இருந்தால் போதாது, நீங்கள் சேரும் அந்தப் பிரிவுக்கு மத்திய அரசின் தொழிற்பயிற்சி அங்கீகாரம் (என்.சி.வி.டி. என்பார்கள்) இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் வெளியூரில் ஓராண்டு படித்து முடித்த பிறகுதான், அந்தப் பிரிவுக்கு அங்கீகாரமே இல்லை என்று தெரிந்தது. கட்டின பணமும் போச்சு, ஒரு வருஷமும் போச்சு. எந்த அரசு ஐ.டி.ஐ.யில் போய்க் கேட்டாலும் சரிபார்க்க உதவுவார்கள். தனியார் நிலையத்தில் அரசு ஒதுக்கீட்டு இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள், கட்டணம் பெரிய அளவில் குறையும். ரசீது தராத இடத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். ஒர்க்‌ஷாப்பைக் காட்டச் சொல்லுங்கள். மெஷின்மேல் தூசி படிந்திருந்தால் அங்கே செய்முறை வகுப்பு நடப்பதில்லை என்று புரிந்துகொண்டு வந்துவிடலாம்.

சேர்ந்த பிறகு

வருகைப்பதிவு 80 சதவீதம் இல்லையென்றால் தேர்வு எழுத முடியாது. திருவிழா, கல்யாணம் என்று இந்தப் பக்கம் லீவு போடக் காரணம் நிறைய வரும், முன்கூட்டியே கணக்குப் போட்டு வையுங்கள். ரெக்கார்டு நோட்டை அன்றன்றைக்கே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். தேர்வு கம்ப்யூட்டரில் நடக்கும் என்பதால் மவுஸ் பிடிக்கத் தெரியாதவர்கள் முதல் மாதத்திலேயே பழகிக்கொள்ள வேண்டும். ஷூ இல்லாமல், தொளதொள சட்டையோடு மெஷின் பக்கம் போகவே கூடாது. துப்பட்டா, தலைமுடி, கையில் கட்டிய கயிறு மூன்றும் டர்னிங் மெஷினில் சிக்கக்கூடியவை.

கடைசி ஆறு மாதத்தில் அப்ரண்டிஸ் இணையதளத்தில் பதிவு செய்யும் முறையை ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். திருச்சி பெல், அரசுப் போக்குவரத்துக் கழகம் மாதிரி இடங்கள் ஐ.டி.ஐ. முடித்தவர்களை உதவித்தொகையோடு தொழில் பழக எடுக்கும். அந்த அறிவிப்புக்கு மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் நான்கும் ஒரே மாதிரிப் பெயர், ஒரே மாதிரி இனிஷியலோடு இருக்க வேண்டும். ஒரு எழுத்து வித்தியாசம் இருந்தாலும் இப்போதே அதை வழங்கிய இடத்தில் கேட்டுத் திருத்த மனு கொடுத்துவிடுங்கள், அது முடிந்து வருவதற்கு நாளாகும்.